விளக்கு எந்தப் பக்கம்?

எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன். ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் மூன்றாவது லைனுக்கு நான் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். அதைத் தைப்பதுதான் எங்கள் லைனின் வேலை. முப்பதுக்கு மேல் தையல் மெஷின் ஒரே நேரத்தில் ஓடும் கூடத்தில் மெதுவாகப் பேசினால் ஒருத்தி காதிலும் விழாது. அப்படிக் கத்திக் கத்தியே தொண்டை இப்படி ஆகிவிட்டது. வீட்டில் நான் "உப்பு எடு" என்றால் பக்கத்து வீட்டிலும் எடுத்து வைப்பார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்தப் பெரிய குரலில் நான் ஒரு பொய் சொன்னேன். முப்பத்தேழு பெண்கள் அதைக் கேட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை ஹெச்.ஆர். மேடம் எங்களை, அதாவது சூப்பர்வைசர்களை, கூப்பிட்டு உட்கார வைத்தார். "வர்ற வியாழக்கிழமை வேலூர்ல இருந்து ஆஸ்பத்திரி டீம் வர்றாங்க. மார்பகம், கர்ப்பப்பை வாய், ரெண்டுக்கும் புற்றுநோய் பரிசோதனை. முப்பது வயசுக்கு மேல இருக்கற லேடீஸ் எல்லாருக்கும். ஃப்ரீ. டூட்டி நேரத்திலேயே போய்ட்டு வரலாம், சம்பளம் புடிக்க மாட்டாங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எத்தனை பேரை உங்களால அனுப்ப முடியும்?" என்று கேட்டார்.

மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். "மூணாவது லைன் முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு மேடம்!"

என் லைனில் முப்பதைத் தாண்டாதவள் ஒருத்தியும் இல்லை. எல்லாம் பழைய கைகள். என்னையும் சேர்த்து முப்பத்தெட்டு. அவர்களில் ஒருத்தியைக்கூட நான் இன்னும் கேட்கவில்லை. அது எனக்கு அந்த நிமிடம் பெரிய விஷயமாகவே தெரியவில்லை. டார்கெட் என்று ஒன்றைக் காட்டிவிட்டால் எனக்குள் ஒரு பேய் புகுந்துகொள்ளும். மாடிப்படியில் இறங்கும்போதே யாரை எத்தனை மணிக்கு அனுப்புவது, யார் மெஷினில் யாரை உட்கார வைப்பது என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தை உடைத்தேன். சோற்றில் கை வைத்தவர்கள் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எனக்கு இன்னாக்கா? நான் நல்லாத்தானே கீறேன்."

"சும்மா இருக்கறத நோண்டி, இருக்குதுன்னு சொல்லிருவாங்க."

"எங்க வூட்டுக்காரரு கேட்டா இன்னா சொல்றது? அங்கெல்லாம் காட்டினியான்னு சண்டைக்கு வருவாரு."

"அதெல்லாம் கண்டவங்களோட போறவங்களுக்கு வர்ற நோவுக்கா. எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?"

இந்தக் கடைசிப் பேச்சில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எவடி அவ, அப்படிச் சொன்னது? கல்யாணம் ஆன எவளுக்கும் வரலாம், மேடம் படிச்சுப் படிச்சு சொன்னாங்க. மூணு புள்ள பெத்திருக்க. அப்ப எத்தன பேரு பாத்தாங்க? அப்ப இல்லாத வெக்கம் இப்ப எங்க இருந்துடி வந்துச்சு?" என்று பிடித்துக்கொண்டேன். பாவம், ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் பாஜி வாயைத் திறந்தாள்.

பாஜியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லைனின் செக்கர் அவள். வீட்டில் உருது பேசுகிறவள். பாஜி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. கம்பெனியில் வேறு பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. லைனின் கடைசி மேசை அவளுடையது. தைத்து முடித்த அப்பர் ஒவ்வொன்றும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள், எங்கே நூல் விட்டுப்போயிருக்கிறது, எங்கே தோலில் சுருக்கம் என்று. தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அந்த அம்பை எடுக்கிற உரிமை அவளுக்கு மட்டும்தான். தைத்தவள் பிரித்துச் சரி செய்து கொண்டுவந்து காட்டி, அவள் பார்த்து, அவள் நகத்தால் கிள்ளி எடுத்தால்தான் அந்த அப்பர் தேறியது. அவசரத்தில் ஒருமுறை நான் ஒரு அம்பைப் பிய்த்துவிட்டு அன்று முழுக்கத் திட்டு வாங்கினேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. புது மாடல் ஏறும் நாளில் முதல் ஜோடியை மட்டும் தைப்போம். அது எல்லா மேசையையும் தாண்டி, பாஜி கை வைத்துப் பார்த்து, நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்ற மெஷின்கள் ஓடும். முதல் ஜோடியில் ஒரு தப்பைக் கண்டும் காணாமல் விட்டால் அதே தப்போடு ஒரு லாரி சரக்கு போய்விடும். பதினெட்டு வருஷமாக நாங்கள் இருவரும் அப்படி ஒன்றை விட்டதில்லை.

பாஜி டிபன் பாக்ஸை மூடினாள். "மொத ஜோடி போவாம லைன் ஓடுமா? சூப்பர்வைசரம்மா, நீ மொதல்ல போ. போய்ட்டு வந்து ஓகே சொல்லு. அப்பறம் நாங்க எல்லாம் ஓடறோம்" என்றாள்.

அவ்வளவுதான். எல்லாரும் மேசையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "ஆமாக்கா! நீ தான் மொத ஜோடி!"

"போறேன்டி! எனக்கு இன்னா பயம்?" என்றேன். நெஞ்சைத் தட்டி வேறு சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் எனக்குத் தலை கால் புரியவில்லை. சொந்த வீட்டு விசேஷம் மாதிரி ஓடினேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, கம்பெனிக் கோட்டை மாட்டிக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தேன். நாங்கள் எல்லாரும் சேலைக்கு மேல் நீலக் கோட்டு போடுவோம். முதலுதவி அறையில் பச்சைத் திரை கட்டியிருந்தார்கள். வேலூரிலிருந்து ஒரு லேடி டாக்டரும் இரண்டு சிஸ்டர்களும் வந்திருந்தார்கள். கையில் பட்டியலோடு நான் கதவருகே போனபோது பின்னால் என் லைன் மொத்தமும் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே சிஸ்டர் சின்ன வயசுப் பெண். சிரித்த முகம். "வாங்கம்மா. கோட்டக் கழட்டி அங்க மாட்டிட்டு, திரைக்குப் பின்னால வாங்க. மொதல்ல மார்ப கையால தடவிப் பாப்போம். அப்பறம் கீழ பாத்துட்டு, வினிகர் மாதிரி ஒரு மருந்து தொட்டு வச்சு ஒரு நிமிஷம் பாப்போம். வெள்ளையா திட்டு தெரியுதான்னு. அவ்ளோதான், வலிக்காது" என்றாள்.

கை பட்டனுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

பயம். வேறு ஒன்றும் இல்லை. வெட்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது பொய். ஊரில் யாருக்கு என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க நான் பறந்தேன். எனக்குள் ஏதாவது இருந்துவிடுமோ என்ற எண்ணம் அந்தத் திரையைப் பார்த்த நொடியில்தான் வந்தது. எத்தனை ஜோடியைப் பார்த்துத் தள்ளியிருப்பேன், இப்போது என்னை ஒருத்தர் பார்த்து ஓகே, ஓகே இல்லை என்று சொல்லப்போகிறார்கள்.

"சிஸ்டர், எனக்கு இன்னிக்கு பீரியட்ஸ்" என்றேன். இல்லை. முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"பரவால்லம்மா, மார்ப மட்டும் இப்ப பாத்துரலாமே."

"ரெண்டையும் சேத்து அப்பறம் பாத்துக்கலாம் சிஸ்டர். வெளிய லைன் நிக்குது."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "அடுத்த வாட்டி கண்டிப்பா வரணும்" என்று மட்டும் சொல்லி அவளுடைய நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். அந்த நோட்டை அவர்கள் யாருக்கும் காட்ட மாட்டார்கள். கம்பெனிக்குப் போவது என் கையிலிருந்த தாள்தான்.

வெளியே வந்தேன். முப்பத்தேழு முகம். வாயைத் திறந்தேன்.

"இதுக்காடி இவ்ளோ பேஜாரு பண்ணீங்க? ஒண்ணுமே இல்ல! எறும்பு கடி கூட இல்ல! அடுத்தவ யாரு, வா!"

அப்படியே அணை திறந்த மாதிரி ஆகிவிட்டது. போனவள் போக, வந்தவள் வர, நான் இந்த மெஷினுக்கும் அந்த மெஷினுக்கும் ஆளை மாற்றி மாற்றி உட்கார வைத்துக்கொண்டு ஓடினேன். முதலில் போனவள் வெளியே வந்து, "ஏக்கா, இவ்ளோதானா?" என்று கேட்டபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சிஸ்டரு கை ஐஸ் மாதிரி கீதுடி" என்று ஒருத்தி சிரித்தாள். ரசத்தோடு நின்றவள் உள்ளே போய்விட்டு வந்து, "மார்ப எப்படித் தடவிப் பாத்துக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்கக்கா. பாஜி தோலைத் தடவற மாதிரியேதான்" என்று காற்றிலேயே செய்து காட்டினாள். பாஜியின் மேசையைச் சுற்றி ஒரே கூச்சல்.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் நான் கேட்ட பேச்சை அதற்கு முன் எங்கும் கேட்டதில்லை. வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, புருஷனிடம்கூடச் சொல்லாத எரிச்சல், எல்லாம் குழம்புக்குப் பக்குவம் சொல்வது போல வெளியே வந்து விழுந்தது. ஒருத்தி சொல்ல, எனக்கும் அப்படித்தான் என்று இன்னொருத்தி. பத்து வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள். இத்தனை நாள் இதையெல்லாம் எங்கே மூடி வைத்திருந்தார்கள்? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பொய்யை நான் அந்த நேரத்தில் சுத்தமாக மறந்துவிட்டேன், சத்தியமாக.

பாஜி கடைசிக்கு முந்திப் போனாள். போகும் முன் என்னைத் தலையிலிருந்து இடுப்பு வரை ஒரு பார்வை பார்த்தாள், மேசையில் வந்த அப்பரைப் பார்ப்பது போல. மற்றவர்களைவிட அதிக நேரம் உள்ளே இருந்தாள். வரும்போது ஒரு அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னா பாஜி?"

"ஒண்ணுமில்ல. ஓகே."

என் பட்டியலில் முப்பத்தெட்டு டிக். முதல் டிக் என் பெயருக்கு நேரே, நானே போட்டது. சாயங்காலம் மேடம் மைக்கில் மூன்றாவது லைன் முழுசாக முடித்துவிட்டது என்று அறிவித்தார். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்திருந்தார்கள். எல்லாரும் என்னைத் தூக்காத குறை. நான் இரண்டு பேடா தின்றேன். வெட்கமே இல்லாமல் தொண்டைக்குள் இறங்கியது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருக்கும். பாஜியின் மேசையிலிருந்து ஒரு ஜோடி தப்போடு போய்விட்டது. அடுத்த பிரிவுக்காரன் கொண்டுவந்து காட்டியபோது நான் நம்பவில்லை. குதிகால் பக்கம் நாலு தையல் விட்டுப்போயிருந்தது. குருடி தடவினாலும் தெரியும்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கவனித்தேன். அவள் போன் அடித்தது. பார்த்துவிட்டு அணைத்தாள். மறுபடியும் அடித்தது. மறுபடியும் அணைத்தாள். மூன்றாவது முறை அடித்தபோது நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாரு பாஜி?"

"ஆஸ்பத்திரி."

பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து என் மடியில் போட்டாள். கர்ப்பப்பை வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தது, வேலூருக்கு வந்து பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. வரச்சொன்ன தேதி போன செவ்வாய்க்கிழமை.

"சிஸ்டர் அன்னிக்கே சொன்னாங்க. இது புற்றுநோய்னு அர்த்தம் இல்ல, ஆவறதுக்கு முன்னாடி இப்படித் தெரியும், இப்பவே எடுத்துட்டா போயிடும்னு. விட்டா தான் பேஜாருன்னாங்க."

"அப்பறம் ஏன் போவல? பைத்தியமா நீ? போன செவ்வாக்கெழம இங்க வந்து குந்திகினு தோலத் தடவிகினு இருந்தியே!" என் குரலுக்குக் கூடமே திரும்பிப் பார்த்தது. "எவ்ளோ சுளுவான வேலை! நான் போய்ட்டு வரல?"

பாஜி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில்.

"நீ போய்ட்டு வந்தியா?"

"பின்ன?"

"விளக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"எந்த விளக்கு?"

"கட்டில் கிட்ட ஒரு விளக்கு வச்சிருந்தாங்க. அத மூஞ்சி பக்கம் திருப்பி, அப்பறம் கீழ திருப்பினாங்க. கண்ணு கூசிச்சு. எந்தப் பக்கம் இருந்துச்சு, சொல்லு."

மடியில் கிடந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பதில் அதில் எழுதியிருப்பது போல.

"அன்னிக்கு நீ கோட்டுல ஒரு பட்டன விட்டு மாத்திப் போட்டுகினு வந்த" என்றாள் மெதுவாக. "ஒரு பக்கம் நீட்டமா தொங்கிச்சு. சொல்லலாம்னு பாத்தேன், நீ நிக்கவே இல்ல. உள்ள போன, வெளிய வந்த. அதே பட்டன் அதே மாதிரி தப்பா இருந்துச்சு. கோட்டக் கழட்டிட்டு மறுபடி போடறவ அதே தப்ப மறுபடியும் பண்ணுவாளா?"

பதினெட்டு வருஷமாக அந்த விரலையும் கண்ணையும் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அவை என் மேல் திரும்பும் என்று நினைத்ததில்லை.

"தெரிஞ்சுமா நீ போன?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எனக்கு நாலு மாசமா நடுநடுவுல ரத்தம் பட்டுது. யாருகிட்டயும் சொல்லல. போறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு இருந்தேன். உன் பொய் எனக்கு சாக்கு. அந்த மட்டும் நல்லதுதான் பண்ண." அட்டையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "ஆனா இப்ப போவணும்னா பயமா கீது. மத்தவங்கல்லாம் வலிக்கல வலிக்கலன்றாங்க. அவங்க சொல்றது எனக்கு ஏறல. நீ ஓகேன்னா நான் ஓகே, நான் ஓகேன்னா நீ கையெழுத்து, இப்படியே ஓட்டிட்டோம். எனக்கு உன் வார்த்தை வேணும். நெஜமானது."

"பாஜி..."

"நீ மொதல்ல படு. அப்பறம் நான் படுக்கறேன். இல்லன்னா நான் போவல. அல்லா விட்ட வழி."

அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். போகவில்லை என்றால் போகமாட்டாள். நாலு மாசமாக ரத்தம், வெள்ளைத் திட்டு, தாண்டிப்போன தேதி. என் பொய் அவளை உள்ளே அனுப்பியது சரி; இப்போது அதே பொய்தான் அவளைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஒரு விஷயம் மனசில் வந்துவிட்டால் எனக்கு அதைப் பூசி மெழுகி வைத்துக்கொள்ளத் தெரியாது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேளுங்கடி. மொத ஜோடி ரிஜெக்ட். அன்னிக்கு நான் டெஸ்ட் எடுக்கல. பயந்துகினு பீரியட்ஸுன்னு பொய் சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். எறும்பு கடி, யானை கடி எல்லாம் புளுகு."

பாஜியின் பேச்சை நான் எடுக்கவில்லை. அது அவளுடையது.

கூடத்தின் கூரை பறந்துவிட்டது. "அடிப்பாவி!" "எங்கள எல்லாம் தள்ளிவிட்டுட்டு!" "மூணு புள்ள பெத்தவளுக்கு இன்னா வெக்கம்னு என்னிய கேட்டியே, ஒன்ன இன்னா பண்றது?" ரசக்காரிதான், அவள் சிரித்த சிரிப்பில் மூச்சுத் திணறிவிட்டது. யாரோ பாஜியின் மேசைக்கு ஓடிப்போய் அம்பு ஸ்டிக்கர் சுருளையே எடுத்துவந்துவிட்டார்கள். என் கோட்டில், முதுகில், கையில், நெற்றியில்கூட ஒன்று. "ரிஜெக்ட்! ரிஜெக்ட்!" என்று கத்திக்கொண்டு எல்லாரும் என்னைச் சுற்றி வந்தார்கள். இந்த வயசில் இப்படி ஒரு அவமானமும் இப்படி ஒரு சந்தோஷமும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது.

கூச்சல் அடங்கும்போது மூலையிலிருந்து ஒருத்தி கையைத் தூக்கினாள். "அக்கா, நானும் அன்னிக்கு பீரியட்ஸுன்னுதான் சொன்னேன்." அவளைப் பார்த்து இன்னொரு கை. என் முப்பத்தெட்டில் மூன்று பொய். மேடத்திடம் போய்ச் சொல்லி என் தாளில் மூன்று டிக்கை அழித்தேன். அவர்கள் இருவரும் அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுத்தார்கள். நானும் பாஜியும் வேலூர் போக மறுநாளுக்கு லீவு எழுதிக் கொடுத்தோம்.

மற்ற அம்புகளை உதறிவிட்டேன். ஐ.டி. கார்டின் முன்பக்கம், என் போட்டோவுக்குக் கீழே ஒன்று ஒட்டியிருந்தது. அதில் நகத்தை வைத்தபோது பாஜி பார்த்துக்கொண்டிருந்தாள். "அத நீ எடுக்கக் கூடாது" என்றாள். விட்டுவிட்டேன்.

வேலூர் பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. அவள் புர்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. "மதியத்துக்கு முட்டை வேவ வச்சு எடுத்தாந்தேன், ரெண்டு ஒனக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். "சீ, முட்டைக்கு யாராவது அழுவாங்களா?" என்று முழங்கையால் இடித்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே சின்ன வயசு சிஸ்டர். பாஜியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா! எத்தனை போன் பண்ணேன்!" பிறகு என்னைப் பார்த்தாள்.

"சிஸ்டர், எனக்கு இன்னிக்கு பீரியட்ஸ் இல்ல" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதலில் நான். சேலையின் தோள் ஊசியைக் கழற்றினேன். கட்டிலில் படுத்தேன். மார்பை மூன்று விரலால் வட்டமாக, அவசரமில்லாமல், அக்குள் வரை அழுத்திப் பார்த்தாள். பிறகு கால்களை அகட்டி வைக்கச் சொன்னாள். சில்லென்று ஏதோ உள்ளே போனது. வலி இல்லை என்று சொன்னவர்கள் நூற்றுக்கு நூறு சரி இல்லை; ஒரு அழுத்தம் இருக்கிறது, ஒரு கூச்சம் இருக்கிறது, மருந்து தொட்டபோது லேசாக எரிந்தது. நான் விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கண் கூசினாலும் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் நீளமாகத்தான் இருந்தது. "நல்லா இருக்குதும்மா. ஒண்ணும் இல்ல. எழுந்துருங்க" என்று சிஸ்டர் சொன்னபோது, மாடியிலிருந்து ரோடு வரை கேட்கிற மாதிரி கத்தத் தோன்றியது. கத்தவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் பாஜி. எழுந்திருக்கவில்லை. என் சேலையைப் பார்த்தாள். மடிப்பெல்லாம் கலைந்து, ஊசி வேறு இடத்தில் குத்தியிருந்தது.

"விளக்கு எந்தப் பக்கம்?"

"எடது பக்கம். கம்பி ஒண்ணு வளைஞ்சு வருது, அதுல மாட்டியிருக்காங்க. கழுத்துல வெள்ள டேப்பு சுத்தியிருக்குது, ஒடஞ்சுதோ இன்னாவோ. வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன் பாஜி. கொஞ்சம் அழுத்தும், கொஞ்சம் எரியும். ஒனக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா தாங்கலாம். நான் தாங்கினேன்."

அவள் முட்டை டப்பாவை என் கையில் கொடுத்தாள். புர்காவைக் கழற்றி மடித்து என் மடியில் வைத்தாள். உள்ளே போனாள்.

எனக்கு எடுத்த நேரத்தைவிட அவளுக்கு நிறைய எடுத்தது. வராந்தாவில் எத்தனை பேர் என்னைத் தாண்டிப் போனார்கள், தெரியாது. முட்டை டப்பாவின் மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை டாக்டரம்மா உள்ளே போனார். ஒருமுறை சிஸ்டர் வெளியே வந்து ஏதோ எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நல்லதுக்கு ஆட்டினாளா, கெட்டதுக்கா என்று தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாஜி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு இழுத்து விட்டாள்.

"பாக்கறதுக்கு ஆரம்ப மாத்தம் மாதிரிதான் இருக்குதாம். வேற எங்கியும் பரவல. ஒரு துணுக்கு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. மீதிய அங்கியே சூடு வச்சு எடுத்துட்டாங்க. வயிறு பிசையிது. ஒரு மாசம் வூட்ல ஜாக்கிரதையா இருக்கணுமாம். வருசா வருசம் வந்து காட்டணுமாம்."

"நானும் வர்றேன். வருசா வருசம்" என்றேன். என் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பாஜி என் கைப்பையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திறந்து, ஐ.டி. கார்டை வெளியே எடுத்தாள். என் போட்டோவை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அந்தச் சிவப்பு அம்பை நகத்தால் கிள்ளி எடுத்தாள்.